முப்பது நாள் விடுப்பு, மூன்றாண்டுக் கையெழுத்து

1863 டிசம்பரிலும் 1864 ஜனவரியிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போர்முனையிலிருந்து ஒரே செய்தி வந்தது. கடிதத்துக்குக் கடிதம் கையெழுத்து வேறு, எழுத்துப்பிழை வேறு. செய்தி மட்டும் ஒன்று. நாம் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்குவதைப் போல அந்தச் சிப்பாய்களுக்கும் ஒரு மாறாத தொடக்கம் இருந்தது: பேனாவைக் கையில் எடுத்திருக்கிறேன், நான் நலம், இந்தச் சில வரிகள் வந்து சேரும்போது நீங்களும் நலமாக இருக்க வேண்டும். அடுத்து மழை, சேறு, குளிர்காலக் குடிசைக்குப் புகைபோக்கி கட்டிய விவரம். பிறகு மகிழ்ச்சியான சேதி: வீட்டுக்கு வருகிறேன், முப்பது நாள் விடுப்பு. அந்த விடுப்பு எதற்காகக் கிடைத்தது என்பதையும் எங்காவது சொல்லித்தானே ஆக வேண்டும்? இன்னும் மூன்றாண்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்க் கடிதங்களைப் படிக்கிறவர்கள் இந்த வகைக் கடிதத்தை இரண்டு விதமாகப் புரிந்துகொள்வது வழக்கம். ஒன்று, நாட்டுப்பற்று: எடுத்த காரியத்தை முடிக்காமல் திரும்ப மாட்டோம் என்ற உறுதி. மற்றது, பணம்: நானூறு டாலர் ஊக்கத்தொகை. இரண்டுமே உண்மைதான். ஆனால் கடிதத்தின் தொனி இரண்டிலும் அடங்குவதில்லை. வீட்டாரிடம் அனுமதி கேட்கிற குரலில், ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவைச் சொல்லும் கடிதம் அது. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பது புரிய வேண்டுமானால், கடிதத்துக்குப் பக்கத்தில் அன்றைய அரசாணைகளையும் வைத்துப் படிக்க வேண்டும்.

முதலில் காலக்கணக்கு. 1861 ஏப்ரலில் போர் மூண்டபோது அதிபர் லிங்கன் 75,000 பேரை மூன்று மாதத்துக்குத்தான் அழைத்தார். போர் அதற்குள் முடியாது என்பது விரைவிலேயே தெரிந்துபோனது. அந்தக் கோடையிலேயே மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். வடக்குப் படையின் முதுகெலும்பாக நின்றவர்கள் அப்படி 1861இல் சேர்ந்தவர்கள். அப்படியானால் அவர்களுடைய மூன்றாண்டு எப்போது முடியும்? 1864 கோடையில். போரின் மிகப் பெரிய தாக்குதல்கள் திட்டமிடப்பட்டிருந்த அதே கோடையில், அனுபவம் மிக்க படைப்பிரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டப்படி வீட்டுக்குப் போய்விடலாம். அவர்களைத் தடுத்து நிறுத்தும் சட்டம் வாஷிங்டனிடம் இல்லை.

நாட்டிலிருந்து பிரிந்துபோய் எதிரணியில் நின்ற தென் மாநிலங்கள் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தன. அங்கே முதல் ஆண்டு வீரர்களின் ஒப்பந்தம் பன்னிரண்டு மாதம். அது முடிவதற்கு முன்பே, 1861 டிசம்பரில், மீண்டும் சேர்பவர்களுக்கு 50 டாலரும் அறுபது நாள்வரை விடுப்பும் தருவதாகத் தெற்கின் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அது போதவில்லை. 1862 ஏப்ரல் 16ஆம் தேதி கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. ஏற்கெனவே படையில் இருந்தவர்களின் ஒப்பந்தம் அவர்களைக் கேட்காமலேயே மூன்றாண்டாக நீண்டது. 1864 பிப்ரவரியில் வந்த சட்டமோ படையிலிருந்தவர்களைப் போர் முடியும்வரை நிறுத்திவைத்தது. ஆகவே தெற்குச் சிப்பாயின் கடிதத்தில் மறுபடி சேரலாமா என்ற கேள்விக்கே இடம் இல்லாமல் போயிற்று. விடுப்புக் கிடைக்குமா என்ற ஏக்கம் மட்டும் மிஞ்சியது.

வடக்கு கேட்டுப் பார்த்தது. 1863 ஜூன் 25ஆம் தேதி போர்த்துறை வெளியிட்ட 191ஆம் எண் பொது ஆணை, ஒன்பது மாதத்துக்குக் குறையாமல் பணியாற்றிய எவரும் ‘வெட்டரன் வாலண்டியர்’, அதாவது அனுபவமுள்ள தன்னார்வ வீரர் என்ற பெயரில் மீண்டும் சேரலாம் என்றது. ஊக்கத்தொகையும் சேர்க்கைப் பரிசுமாக 402 டாலர். சட்டைக் கையில் தைத்துக்கொள்ளத் தனிப்பட்டை. நவம்பரில் வந்த இன்னொரு ஆணை, அப்படிச் சேர்கிறவர்களுக்குக் குறைந்தது முப்பது நாள் விடுப்பு உண்டு என்று உறுதி சொன்னது. கடிதங்கள் பேசுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆணையைப் பற்றித்தான்.

402 டாலர் அன்றைக்கு எவ்வளவு? சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 13 டாலர். அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய முப்பத்தொரு மாதச் சம்பளம் ஒரே கையெழுத்தில். ஆனால் அந்தப் பணம் ஒரே நாளில் கைக்கு வரவில்லை. சேரும் நாளில் கிடைப்பது 40 டாலர். அதிலும் 13 டாலர் அவனுடைய சொந்தச் சம்பளத்தின் முன்பணம், 2 டாலர் சேர்க்கைப் பரிசு, மீதி 25 டாலர்தான் ஊக்கத்தொகையின் முதல் தவணை. இரண்டு மாதம் கழித்து 50. ஆறு மாதம் முடிந்ததும் 50. ஓராண்டு முடிவில் 50, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 50 என்று மூன்று தவணை. மூன்றாண்டும் முடிந்தால் கடைசி 75.

இந்தத் தவணைப் பட்டியலை ஒரு மனைவியின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். அவள் கடிதத்தில் படிப்பது நானூறு டாலர். அவளிடம் வந்து சேர்வது நாற்பது டாலரின் ஒரு பகுதி. சம்பளத்தை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும் என்பது விதி. அது நான்கு மாதம், ஆறு மாதம் என்று தள்ளிப்போனது போர் முழுவதும் இருந்த குறை. விலைவாசியோ ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டிருந்தது. ஆணையில் இன்னொரு விதியும் உண்டு: பணியில் இறந்துபோனால் செலுத்தப்படாத தவணை முழுவதும் சட்டப்படியான வாரிசுக்குச் சேரும். ஜனவரியில் சேர்ந்து, இரண்டு தவணை வாங்கிக்கொண்டு, மே மாதத்தில் ஒருவன் இறந்தால் வீட்டுக்கு 325 டாலர் வரும். அதோடு 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி விதவைக்கு மாதம் 8 டாலர் பென்ஷன். உயிரோடு இருக்கும் கணவன் சிறுகச் சிறுக வாங்கும் பணம், அவன் இறந்தால் மொத்தமாக வரும். கணக்குத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் இது கண்ணில் படாமல் இருந்திருக்காது.

இந்த 13 டாலர்கூட எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1863 முதல் படையில் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்களுக்கு மாதம் 10 டாலர்தான். அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். 1864 ஜூனில்தான் சமச் சம்பளச் சட்டம் வந்தது. அதுவரை, குறைந்த சம்பளத்தைக் கையால் தொட மாட்டோம் என்று மாதக்கணக்கில் ஒரு டாலரும் வாங்காமல் போரிட்ட படைப்பிரிவுகள் இருந்தன. அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் பணத்தைப் பற்றிய வரிகள் வேறொரு வலியோடு இருக்கும். அது தனியாக எழுத வேண்டிய பொருள்.

விடுப்புக்கு வருகிறேன். முப்பது நாள் என்பது ஏன் அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது? சாதாரண விடுப்பு எவ்வளவு அரிது என்று பார்த்தால் விளங்கும். 1863 ஜனவரியில், கிழக்கே வடக்கின் முதன்மைப் படையான போடோமேக் படையின் தலைமையை ஏற்ற தளபதி ஹூக்கர், படையின் மனநிலையைத் தூக்கி நிறுத்த ஒரு விடுப்பு முறையைக் கொண்டுவந்தார். நூறு பேருக்கு ஒரு சமயத்தில் இரண்டு பேர் போகலாம். பத்து நாள், தொலைவான மாநிலத்தவருக்குப் பதினைந்து. அது பெருந்தன்மையான ஏற்பாடு என்று சிப்பாய்கள் அவரைக் கொண்டாடினார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு பேர், இரண்டிரண்டு பேராக, பத்துப் பத்து நாள் என்றால் கடைசி ஆளின் முறை முடிய ஐந்நூறு நாள் ஆகும். படை நகரத் தொடங்கிவிட்டாலோ விடுப்பே கிடையாது. 1861இல் மூன்று வயதுக் குழந்தையை விட்டுவிட்டு வந்த ஒருவன், 1863 முடியும்போது அந்தக் குழந்தையை ஒருமுறைகூடப் பார்க்காமல் இருந்திருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் குறைவில்லை.

அவனிடம்தான் முப்பது நாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போடாவிட்டாலும் அவன் இன்னும் ஆறேழு மாதத்தில் நிரந்தரமாக வீட்டுக்குப் போய்விடலாம். கையெழுத்துப் போட்டால் இந்த மாதமே போகலாம், ஆனால் திரும்பி வர வேண்டும். அந்த ஆறேழு மாதத்துக்குள் வசந்தகாலப் போர் வருகிறது. அதைத் தாண்டி உயிரோடு இருப்போமா என்று யாரால் சொல்ல முடியும்? கோடையில் கிடைக்கப்போகும் விடுதலையைவிட இப்போது கிடைக்கும் முப்பது நாள் உறுதியானது. இப்படி யோசித்த ஒருவனைப் பணத்தாசை பிடித்தவன் என்றோ, கொள்கை வெறியன் என்றோ என்னால் எழுத முடியவில்லை. பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதற்காக ஒருவன் மூன்றாண்டை எழுதிக்கொடுத்தான் என்றால், அந்தக் கொடுக்கல்வாங்கலில் எனக்கு அவன்மீது பரிவுதான் வருகிறது. கேட்டவர்கள்மீது வேறு மாதிரி உணர்வு.

ஆனால் அவன் தனியாக முடிவெடுக்கவில்லை. அரசாணையில் இருந்த மிகச் சூட்சுமமான விதி, முக்கால் பங்கு விதி. ஒரு ரெஜிமெண்டில், அதாவது தனி எண்ணும் கொடியும் கொண்ட படைப்பிரிவில், நான்கில் மூன்று பங்கு பேர் மீண்டும் சேர்ந்தால், அந்த ரெஜிமெண்ட் தன் எண்ணையும் கொடியையும் வைத்துக்கொள்ளலாம். விடுப்புக்கும் எல்லோரும் ஒன்றாக, ஒரு படையாகவே ஊருக்குப் போகலாம். முக்கால் பங்கு தேறாவிட்டால், ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ரெஜிமெண்ட் கலைந்துவிடும். சேர்ந்தவர்கள் வேறு எங்காவது இணைக்கப்படுவார்கள். ஒரே வட்டாரத்தில் திரட்டப்பட்டவர்கள், அண்ணன் தம்பிகள், ஒரே தேவாலயத்துக்குப் போனவர்கள் ரெஜிமெண்டின் உட்பிரிவான ஒரு கம்பெனியில் இருந்தார்கள். அந்தக் கொடியின்கீழ் யார் யார் எந்த வயலில் விழுந்தார்கள் என்று ஒவ்வொருவனுக்கும் தெரியும். அந்தக் கொடி இல்லாமல் போகலாம் என்பதே ஒரு மிரட்டல்.

அதிகாரிகளுக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. ரெஜிமெண்ட் கலைந்தால் கர்னலுக்கும் கேப்டனுக்கும் பதவி இல்லை. ஆகவே முகாமில் பேச்சுகள் நடந்தன, பெயர்ப்பட்டியல் சுற்றிவந்தது, எண்ணிக்கை நாள்தோறும் அறிவிக்கப்பட்டது. இன்னும் நாலே பேர் வேண்டும் என்ற நிலையில் கையெழுத்துப் போடாத ஒருவன் குடிசையில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். அவன் மறுத்தால் எல்லோரும் ஒன்றாக ஊருக்குப் போகும் வாய்ப்பே போய்விடலாம். அவன் கடிதத்தில் ‘எல்லோரும் சேர்கிறார்கள்’ என்று எழுதியிருந்தால் அதைச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. உள்ள நிலைமையே அதுதான்.

இதற்கு மேலே ஒரு கெடு. அந்தப் பெரிய ஊக்கத்தொகை முதலில் 1864 ஜனவரி 5ஆம் தேதிவரைதான் என்று அறிவிக்கப்பட்டது. பின்னால் மார்ச் 1, ஏப்ரல் 1 என்று நீட்டித்தார்கள். ஆனால் டிசம்பர் கடைசியில் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது தெரியாது. இங்கேதான் அந்தக் கடிதங்களின் குரல் எனக்குப் புரியத் தொடங்கியது. மனைவியைக் கேட்டு எழுதி, கடிதம் போய், அவள் யோசித்து, பதில் எழுதி, அது முகாமுக்கு வந்துசேர ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். கெடு அதற்குமுன் முடிந்துவிடும். ஆகவே ‘நீ என்ன சொல்கிறாய்?’ என்று தொடங்கும் கடிதம், பாதி வழியில் ‘நீ வருத்தப்பட மாட்டாய் என்று நினைக்கிறேன்’ என்று மாறிவிடுகிறது. கேள்வி கேட்டவனே பதிலையும் எழுதிக்கொள்கிறான், ஏனென்றால் பதிலுக்குக் காத்திருக்க அவனிடம் நாள் இல்லை.

கடிதத்தின் உருவத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். ஒரு தாளை நடுவில் மடித்தால் நான்கு சிறு பக்கம். தாள் தட்டுப்பாடு என்றால் எழுதி முடித்த பக்கத்தைக் குறுக்காகத் திருப்பி, முதல் வரிகளுக்கு மேலேயே செங்குத்தாக மறுபடி எழுதுவார்கள். பழகிய கண்களுக்குத்தான் அது பிடிபடும். பிஸ்கட் வந்த மரப்பெட்டியோ மடியோதான் மேசை. வடக்குப் படையின் வெள்ளையினச் சிப்பாய்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பெரும்பாலும் தணிக்கையும் இல்லை. ஆகவே ஒரு படையின் மனத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் ஆவணங்கள் அதற்கு முந்தைய போர்களில் அரிது.

உறையில் ஒரு விவரம் என் மனத்தில் தங்கிவிட்டது. தபால்தலை ஒட்டாமலேயே சிப்பாய்கள் கடிதம் அனுப்பலாம் என்று 1861 ஜூலையில் சட்டம் வந்தது. உறைமேல் ‘சிப்பாய்க் கடிதம்’ என்று குறித்து ஓர் அதிகாரி கையெழுத்திட வேண்டும். தபால் கட்டணமான 3 சென்டை வாங்குகிறவர் கொடுக்க வேண்டும். சேற்றில் தபால்தலைகள் ஒட்டிப்போன, சம்பளம் வராத முகாமில் அது பெரிய உதவி. ஆனால் மறுமுனையில், அஞ்சலகத்தில் நிற்கும் தாய் ஒருத்தி 3 சென்டை எண்ணிக் கொடுத்து உறையை வாங்குகிறாள். பிரிக்கிறாள். மகன் இன்னும் மூன்றாண்டு வரமாட்டான் என்ற செய்தியை அவள் விலை கொடுத்து வாங்கியிருக்கிறாள்.

ஊர்களும் இந்தக் கணக்கில் இருந்தன. 1863 மார்ச்சில் வடக்கும் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு வட்டாரமும் இத்தனை பேர் தர வேண்டும். தன்னார்வலர்கள் அந்த எண்ணிக்கையை நிரப்பிவிட்டால் சீட்டுக் குலுக்கல் வேண்டியதில்லை. குலுக்கலில் பெயர் வந்தாலும் 300 டாலர் கட்டியோ பதிலாள் அமர்த்தியோ விலகலாம். அந்த ஜூலையில் நியூயார்க் நகரம் நான்கு நாள் கலவரத்தில் எரிந்ததற்கு இந்தச் சட்டம் உடனடிக் காரணம். கலவரக்காரர்கள் கறுப்பின மக்களைத் தேடித்தேடிக் கொன்றார்கள். முகாமில் மீண்டும் சேரும் சிப்பாயையும் ஏதோ ஓர் ஊரின் கணக்கில் வரவு வைக்கலாம் என்பதால், ஊர்கள் தங்கள் முகவர்களை முகாம்களுக்கே அனுப்பிக் கூடுதல் தொகை பேசின. சில சிப்பாய்கள் பிறந்த ஊரை விட்டுவிட்டு அதிகம் தந்த ஊரின் கணக்கில் சேர்ந்தார்கள். தான் போய் நிற்க மனமில்லாத ஒருவனின் இடத்தை நிரப்ப, ஏற்கெனவே மூன்றாண்டு நின்றவனையே மறுபடி தேடி வந்தார்கள். இதைச் சிப்பாய்களும் உணர்ந்தே இருந்தார்கள். ஊரில் பத்திரமாக இருப்பவர்களைப் பற்றிய கசப்பு அந்தக் குளிர்காலக் கடிதங்களில் அடிக்கடி தலைகாட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, சுமார் 1,36,000 பேர் மீண்டும் சேர்ந்தார்கள். போடோமேக் படையில் மட்டும் 26,000க்கும் மேல். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் சேரவில்லை. போதும் என்று முடிவெடுத்த அவர்களைக் கோழைகள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கெட்டிஸ்பர்க் பெரும்போரில் நின்றவர்களும் அவர்களில் உண்டு. சேர்ந்தவர்களில் பலர் எழுதிய காரணம் ஒன்றுண்டு. அது ஆணைகளில் எங்கும் இல்லை. இப்போது விட்டுவிட்டால் இதுவரை செத்தவர்கள் வீணாகச் செத்ததாகிவிடும் என்பதே அது. நானூறு டாலரையும் முப்பது நாளையும் எழுதிய அதே தாளில், அடுத்த பத்தியில், இதுவும் இருக்கிறது. எது உண்மையான காரணம் என்று பிரித்துப் பார்ப்பது வீண்வேலை. ஒரு மனிதன் பெரிய முடிவை ஒரே காரணத்துக்காக எடுப்பதில்லை; வீட்டுக்கு எழுதும்போது, வீடு தாங்கும் என்று நினைக்கிற காரணத்தை முதலில் வைக்கிறான்.

விடுப்புச் சீட்டு அச்சிட்ட படிவம். வெற்றிடங்களில் குமாஸ்தா நிரப்புவார்: பெயர், இத்தனை அடி இத்தனை அங்குல உயரம், நிறம், கண்ணின் நிறம், முடியின் நிறம், பிறந்த இடம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. அந்தத் தேதியில் தன் கம்பெனி எங்கே இருக்கிறதோ அங்கே வந்து சேர வேண்டும், தவறினால் தப்பியோடியவனாகக் கருதப்படுவான் என்பது அச்சிலேயே இருக்கும். அங்க அடையாளம் எதற்கு என்று கேட்கத் தேவையில்லை. பிடிக்க வேண்டி வந்தால் உதவும். தாயைப் பார்க்கப் போகிறவனின் சட்டைப்பையில் அந்தத் தாள் முப்பது நாளும் இருந்தது. முதல் நாளிலிருந்தே அதில் கடைசி நாள் எழுதப்பட்டிருந்தது.

ஊர்களில் நல்ல வரவேற்பு. முழு ரெஜிமெண்டாகப் போனவர்களை ரயில் நிலையத்தில் வாத்தியக் குழுவோடு எதிர்கொண்டார்கள்; மண்டபங்களில் விருந்து, ஆளுநர்களின் உரை, கிழிந்த கொடியை உயர்த்திப் பிடித்து ஊர்வலம். கல்யாணங்கள் நடந்தன. குடும்பத்தோடு புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். இன்று நம் கையில் இருக்கும் பல படங்கள் அப்படிப்பட்டவை. அரசு இந்த விடுப்பை இன்னொன்றுக்கும் பயன்படுத்திக்கொண்டது: ஊருக்கு வந்த ரெஜிமெண்ட், திரும்பும்போது புதிய ஆட்களையும் சேர்த்துக்கொண்டு வர வேண்டும். தெருவில் பார்த்த வரவேற்பில் மயங்கி, அண்ணனோடு கிளம்பிய தம்பிகள் உண்டு.

விடுப்புக் காலத்தைப் பற்றிக் கடிதங்கள் அதிகம் சொல்வதில்லை; வீட்டில் இருக்கும்போது வீட்டுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? அந்த முப்பது நாள் நமக்கு ஒரு வெற்றிடம். ஜனவரி 20 தேதியிட்ட ஒரு கடிதம், அடுத்தது மார்ச் தொடக்கத்தில் என்று கட்டுகளில் ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளிக்குள் என்ன பேசினார்கள், அவள் அழுதாளா, கோபப்பட்டாளா, பிள்ளை அடையாளம் கண்டுகொண்டதா என்பதெல்லாம் திரும்பிப்போன பின் எழுதும் முதல் கடிதத்தில்தான் லேசாகத் தெரியும். நீ ரயிலடிக்கு வராமல் இருந்தது நல்லதுதான் என்று ஒரு வரி இருந்தால், அதற்குப் பின்னால் ஒரு முழு இரவு இருந்திருக்கும்.

1864 மே 4ஆம் தேதி போடோமேக் படை வர்ஜீனியாவின் ரேப்பிடான் ஆற்றைக் கடந்தது. அடுத்த நாள் வில்டர்னஸ் காட்டில் போர். பிறகு ஸ்பாட்சில்வேனியா, பிறகு கோல்டு ஹார்பர். ஏறக்குறைய ஆறு வாரத்தில் வடக்குக்கு மட்டும் இறந்தவர், காயப்பட்டவர், காணாமற்போனவர் என்று சுமார் 55,000 பேர் இழப்பு. மேற்கே வடக்கின் தளபதி ஷெர்மன் அட்லாண்டாவை நோக்கி நகர்ந்தார். அவருடைய பதினேழாம் படைப்பகுதி விடுப்பிலிருந்து திரும்பி, ஜூனில் வழியிலேயே அவரோடு சேர்ந்துகொண்டது. முப்பது நாள் முடிந்து பலருக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

சேர்ந்தவர்களும் சேராதவர்களும் ஒரே அணியில் நின்ற நாள்கள் அவை. பென்சில்வேனியா ரிசர்வ்ஸ் என்ற பிரிவின் கதை இதை நெருக்கத்தில் காட்டும். அவர்களுடைய மூன்றாண்டு 1864 மே மாத முடிவோடு தீர்கிறது. மே 30ஆம் தேதி பெத்தெஸ்டா தேவாலயத்துக்கருகே எதிரியின் தாக்குதலை எதிர்கொண்டு முறியடித்தார்கள். மறுநாளோடு கணக்குத் தீர்ந்து, கையெழுத்துப் போடாதவர்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். போட்டவர்களையும் புதிதாக வந்தவர்களையும் சேர்த்து 190, 191 என்ற எண்களில் இரண்டு ரெஜிமெண்டாக்கினார்கள். ஒரே அகழியில் அதுவரை பக்கத்தில் நின்றவர்கள் அன்றைக்கு இரண்டு திசையில் நடந்தார்கள். அந்த ஆகஸ்ட் 19ஆம் தேதி, பீட்டர்ஸ்பர்க் அருகே வெல்டன் ரயில்பாதைச் சண்டையில், அந்த இரண்டு ரெஜிமெண்டுகளில் பெரும்பகுதி சிறைப்பட்டது. பலர் தெற்கின் தலைநகரான ரிச்மண்டுக்கும், அங்கிருந்து வட கரோலினாவின் சாலிஸ்பரி சிறைக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். பட்டினியாலும் நோயாலும் ஆயிரக்கணக்கானோர் இறந்த சிறை அது.

இந்தக் கடிதங்கள் நம் காலத்துக்கு எப்படி வந்தன? பல, குடும்பங்களின் பெட்டிகளில் இருந்தவை. இன்னொரு வழியும் உண்டு. மகனை இழந்த தாய்க்குப் பென்ஷன் வேண்டுமானால், மகனின் சம்பாத்தியத்தை நம்பித்தான் அவள் வாழ்ந்தாள் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு அவளிடம் இருந்த சான்று அவன் எழுதிய கடிதங்கள்தான். ‘இத்தோடு இருபது டாலர் அனுப்புகிறேன், விறகு வாங்கிக்கொள்’ என்பது போன்ற வரி எங்கே இருக்கிறதோ அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்துப் பென்ஷன் அலுவலகத்துக்கு அனுப்பினாள். நலம் விசாரித்த வரிகளும், விடுப்பில் வருகிறேன் என்ற வரிகளும், மூன்றாண்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், வருத்தப்படாதே அம்மா என்ற வரிகளும் அதே தாளில் கூடவே போயின. வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பென்ஷன் கோப்புகளில் அப்படிப்பட்ட மூலக் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. மாதம் 8 டாலருக்காக, மகன் கைப்பட எழுதியதை அவள் அரசிடம் கொடுத்தாள். அவை அவளிடம் திரும்பிப் போகவில்லை.